விரைவும் நிலைபேறும்

சென்னை மாநகரின் மேற்குப் பகுதியில், அம்பத்தூர் வட்டாரத்தில் உள்ளது கள்ளிக்குப்பம். அவ்வட்டாரம் ஏரிகளுக்கும் எந்திரங்களுக்கும் பெயர் பெற்றது. புழல் ஏரி, கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி ஆகியவை அங்கு உள்ளன. 1949-ஆம் ஆண்டில் மிதிவண்டித் தொழிற்சாலையும், 1964-ஆம் ஆண்டில் பெரிய தொழிற்பேட்டையும் அம்பத்தூரில் தோன்றின. இன்று அங்குள்ள இல்லங்கள் பலவற்றில் கணினியும் இடம் பெற்றுவிட்டது. ஏரியின் நீர், ஆலையின் எந்திரம், இல்லத்தின் கணினி ஆகிய மூன்றும் தம்முள் தொடர்பற்றவை போலத் தோன்றும். எனினும் அவற்றை ஆளும் நெறி ஒன்றே. எடுப்பது திடீரென மிகும்பொழுதும் கொடுப்பது தளராமல் நிற்றல் வேண்டும் என்பதே அந்நெறி.

கள்ளிக்குப்பத்து மாணவன் ஒருவன் தன் மேசைக் கணினியின் விரைவைக் கூட்ட விரும்பினான் என்று கொள்க. கணினியின் மூளை போன்ற செயலி, நொடிக்கு 400 கோடித் துடிப்புகளில் இயங்குமாறு செய்யப்பட்டது. அவன் அதனை 480 கோடித் துடிப்புகளுக்கு உயர்த்துகின்றான். ஆக்கியோர் வரையறுத்த அளவுக்கு மேல் செயலியை இங்ஙனம் விரைந்து இயக்குதலை ஓவர்கிளாக்கிங் என்பர். தமிழில் மிகைமுடுக்கம் எனலாம். கணினி நன்றாகவே தொடங்குகின்றது. கடிதம் எழுதும்பொழுது குறை ஒன்றும் காணவில்லை. ஆயின், திரைப்படம் ஒன்றைத் தொகுக்கும் கடும்பணியை இட்டவுடன் திரை நீலமாகிக் கணினி நின்றுவிடுகின்றது. மறுமுறை அது நிற்கவில்லை; வேலையை முடித்துவிடுகின்றது. ஆனால், முடிந்த கோப்பைத் திறந்து பார்த்தால் அது சிதைந்து கிடக்கின்றது. “தெருவில் வரும் மின்சாரம் சரியில்லை” என்று மாணவன் சொல்லுகின்றான். பழி தெருவைச் சேர்ந்ததா? மின்சாரம் வரும் வழியே சென்று பார்த்தால் உண்மை விளங்கும்.

முதற்கண் மின்னழுத்தம் யாது என்று அறிதல் வேண்டும். மேல்நிலைத் தொட்டியில் நீர் உயரத்தே நிற்பதனால் குழாயில் அழுத்தம் உண்டாகின்றது. அவ்வழுத்தமே நீரைக் குழாய் வழியே தள்ளுகின்றது. அதுபோல, மின்சாரத்தைக் கம்பி வழியே தள்ளும் ஆற்றலே மின்னழுத்தம். அதனை வோல்ட்டு என்னும் அலகால் அளப்பர். கம்பியில் ஓடும் மின்சாரத்தின் அளவு மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். இவ்விரண்டையும் பெருக்கினால் வருவது திறன்; அதன் அலகு வாட்டு. ஒரு தெருவில் எல்லா வீட்டாரும் ஒரே வேளையில் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டில் நீர் மெல்ல ஒழுகும். எடுப்பு மிகுந்தால் அழுத்தம் தாழும் என்பதற்கு இதுவே சான்று. தொழிற்பேட்டையில் பெரிய மோட்டார் ஒன்று இயங்கத் தொடங்கும் கணத்தில், அதே கம்பியை நம்பிய விளக்குகள் மங்கி மீள்வதும் இதனாலேயே ஆகும்.

இல்லங்களுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்டு அழுத்தம் உடையது. நொடிக்கு 50 முறை அலைந்து திசைமாறும் இயல்புடையது. 2008-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்பற்றாக்குறை மிக்கிருந்தது. அந்நாளில் மின்வெட்டு மக்களுக்குப் பழகிய துன்பமாயிற்று. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், தென்னிந்திய மின்வலை நாட்டின் ஏனைய பகுதிகளின் மின்வலையோடு இணைந்தது. அன்று முதல் இந்தியா முழுவதும் ஒரே மின்வலையாய் இயங்குகின்றது. ஓரிடத்துக் குறையை மற்றோரிடத்து மிகை தாங்குதற்கு இவ்விணைப்பு வழிசெய்தது. எனினும், தெருவின் கடைசிக் கம்பியில் கோடைக்கால இரவுகளில் அழுத்தம் சற்றுத் தாழ்தல் உண்டு. குளிர்சாதனப் பெட்டிகள் பல ஒருங்கே இயங்கும் வேளை அதுவன்றோ?

அத்தாழ்வு கணினிக்குள் புகுவதற்கு முன் ஒரு காவலைக் கடத்தல் வேண்டும். கணினியின் உள்ளே இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. கடைவீதியில் அதனை எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்லுவர். திசைமாறி அலையும் மின்சாரத்தை ஒரே திசையில் ஓடுமாறு அது முதலில் திருத்துகின்றது. அந்நிலையில் அழுத்தம் 300 வோல்ட்டுக்கு மேற்பட்டு நிற்கும். பின்னர், அம்மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிச் சிறிய மின்மாற்றி ஒன்றின் வழியே செலுத்துகின்றது. முடிவில் 12 வோல்ட்டு, 5 வோல்ட்டு, 3.3 வோல்ட்டு என்னும் மூவகை அழுத்தங்களை அது தருகின்றது. வயலில் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டே மடையைத் திறந்தும் அடைத்தும் காப்பவரைப் போல, அப்பெட்டியில் உள்ள ஒரு சுற்று, வெளிவரும் அழுத்தத்தை ஓயாமல் அளந்துகொண்டே இருக்கின்றது. அழுத்தம் தாழ்ந்தால் மின்சாரம் பாயும் நேரத்தை நீட்டுகின்றது, உயர்ந்தால் குறைக்கின்றது. இக்காலத்துப் பெட்டிகள் பல 100 வோல்ட்டு முதல் 240 வோல்ட்டு வரை எவ்வழுத்தம் வரினும் ஏற்று, தம் கடமையைச் செய்ய வல்லவை. ஆதலின், தெருவில் 230 வோல்ட்டு 210 ஆகத் தாழ்ந்தாலும், உள்ளே 12 வோல்ட்டு 12 வோல்ட்டாகவே நிற்கும்.

கணினிப் பெட்டிகளுக்கு 1995-ஆம் ஆண்டில் ஏ.டி.எக்ஸ். என்னும் பொது அளவுத் திட்டம் வகுக்கப்பட்டது. அத்திட்டத்தின்படி, இம்மூன்று அழுத்தங்களும் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் ஏறுதலும் இறங்குதலும் கூடா. அதாவது, 12 வோல்ட்டு என்பது 11.4-க்குக் கீழே செல்லுதலும் 12.6-க்கு மேலே செல்லுதலும் ஆகா. மாணவன், விவரம் அறிந்த பெரியவர் ஒருவர் துணையோடு, மல்டிமீட்டர் கொண்டு அளந்து பார்க்கின்றான். கணினி கடும்பணி செய்யும்பொழுதும் அளவி 11.9 காட்டுகின்றது. தெரு குற்றமற்றது, பெட்டியும் குற்றமற்றது போலவே தோன்றுகின்றது. பின்னர்க் குறை எங்கே உளது?

குறை கடைசி அங்குலத்தில் உளது. செயலி 12 வோல்ட்டில் இயங்குவதன்று, ஏறத்தாழ 1.2 வோல்ட்டில் இயங்குவது. செயலியின் அருகே தாய்ப்பலகையில் அமைந்த மற்றொரு சுற்று, 12 வோல்ட்டை 1.2 வோல்ட்டாகக் குறைத்துத் தருகின்றது. 120 வாட்டுத் திறன் வேண்டும் செயலி, 1.2 வோல்ட்டில் எத்துணை மின்னோட்டத்தை எடுக்கும்? 120-ஐ 1.2-ஆல் வகுத்தால் 100 ஆம்பியர் வரும். 1000 வாட்டு சலவைப் பெட்டி ஒன்று வீட்டில் எடுப்பது 4 ஆம்பியருக்குச் சற்றே மிகுதி. அஞ்சல்தலை அளவே உள்ள ஒரு சில்லு, இருபதுக்கு மேற்பட்ட சலவைப் பெட்டிகள் எடுக்கும் மின்னோட்டத்தைத் தான் ஒன்றே எடுக்கின்றது என்பது வியப்பன்றோ?

எந்தக் கம்பியிலும் சிறிதளவேனும் மின்தடை உண்டு. தடையை மின்னோட்டத்தால் பெருக்கினால், வழியில் இழக்கும் அழுத்தம் கிடைக்கும். ஜெர்மன் நாட்டு அறிஞர் ஓம் கண்ட விதி இது. தாய்ப்பலகையின் செப்புத் தகட்டிலும் செயலியின் ஊசிக் கால்களிலும் உள்ள தடை, ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கே என்று கொள்க. 100 ஆம்பியர் அதன் வழியே ஓடும்பொழுது இழப்பு 0.1 வோல்ட்டு ஆகும். 230 வோல்ட்டில் 0.1 வோல்ட்டு குறைந்தால் யாரும் அறியார். 1.2 வோல்ட்டிலோ அது பன்னிரண்டில் ஒரு பங்கு. சிறு குடத்திலிருந்து ஒரு கையளவு நீர் சிந்துவதும் ஏரியிலிருந்து ஒரு கையளவு நீர் சிந்துவதும் ஒன்றாகா.

இன்னும் ஓர் இடர் உண்டு. செயலியின் எடுப்பு எப்பொழுதும் ஒரே அளவாய் இருப்பதில்லை. சும்மா இருந்த செயலி, பணி வந்தவுடன் கண்ணிமைப்பதற்கும் மிகக் குறைந்த நேரத்தில் பல மடங்கு மின்னோட்டத்தைக் கேட்கும். அந்த வேகத்துக்கு ஈடாக 12 வோல்ட்டுச் சுற்று விழித்துக்கொள்ள இயலாது. புழலில் ஏரி நிறைய நீர் இருப்பினும், அடுப்பில் உலை கொதிக்கும்பொழுது உதவுவது அருகில் உள்ள குடமே அன்றோ? இதற்காகவே செயலியைச் சுற்றிலும், அதன் அடியிலும், மின்தேக்கிகள் பல வைக்கப்படுகின்றன. அவை மின்சாரத்தைச் சிறிது தேக்கிவைத்திருந்து, கேட்ட கணத்தில் கொடுக்கும் குடங்கள். குடம் பெரிதாயிருத்தல் மட்டும் போதாது; அருகில் இருத்தல் வேண்டும். தொலைவில் உள்ள பெரிய மின்தேக்கியைவிட, ஒட்டி நிற்கும் சிறிய மின்தேக்கி விரைந்து உதவும். மேலும், அழுத்தத்தைக் குறைக்கும் சுற்றில் கம்பிச்சுருள்கள் பல அமைந்து, ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்து மின்சாரம் தருகின்றன. பல ஏற்றங்கள் மாறி மாறி இறைத்தால் வாய்க்காலில் நீர் அறாது ஓடுவதைப் போன்றது இது.

இனி, அழுத்தம் தாழ்ந்தால் கணினி ஏன் பிழை செய்கின்றது என்பதைக் காண்போம். செயலியின் உள்ளே கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அவை திறந்து மூடும் கதவுகளை ஒத்தவை. ஒவ்வொரு துடிப்பும் தேர்வுக்கூடத்தில் அடிக்கும் மணி போன்றது. மணி அடித்தவுடன், எழுதி முடித்திருப்பினும் முடியாவிடினும், விடைத்தாளை ஆசிரியர் வாங்கிவிடுவார். நொடிக்கு 400 கோடித் துடிப்பு என்றால், இரு மணிகளுக்கு இடைப்பட்ட காலம் ஒரு நொடியில் 400 கோடியில் ஒரு பங்கு. விரைவை 480 கோடி ஆக்கினால் அக்காலம் மேலும் சுருங்கும். அதற்குள் ஒளிகூட 6 சென்டிமீட்டருக்குச் சிறிது மிகுதியாகவே செல்ல இயலும். மிகைமுடுக்கம் என்பது மணியை முன்கூட்டியே அடிப்பதாகும். அழுத்தம் தாழ்தலோ, மாணவன் பசியால் சோர்ந்து மெல்ல எழுதுவதை ஒக்கும். இரண்டும் ஒன்றுகூடினால், முற்றுப்பெறாத விடையே ஆசிரியர் கையைச் சேரும்.

அவ்விடையின் விளைவு சிறிதன்று. கணினி எல்லா எண்களையும் ஒன்று, சுழி என்னும் இரு குறிகளால் எழுதுகின்றது. 96 என்பது 64-உம் 32-உம் கூடியது. 64-ஐக் குறிக்கும் இடத்தில் ஒன்று இருத்தற்கு மாறாகச் சுழி பதிந்துவிட்டால், 96 மதிப்பெண் 32 ஆகிவிடும். கணினி நின்றுவிட்டால் தீங்கு குறைவு. பிழை உண்டென்று பயனாளர் அறிந்துகொள்வார். நில்லாமல் தவறான விடையைத் தந்து, அதனைச் சரியான விடை போலச் சேமித்தும் வைத்தல் பெருந்தீங்கு. மாணவனின் சிதைந்த கோப்பு அத்தீங்கின் விளைவே. மதிப்பெண் பட்டியல், மருத்துவக் கணக்கு, பாலத்தின் வரைவு முதலியவற்றில் இத்தகைய பிழை புகுந்தால் நேரக்கூடிய கேட்டைச் சொல்ல வேண்டுவதில்லை.

“அழுத்தத்தை உயர்த்திவிட்டால் குறை தீருமே” என்று சிலர் எண்ணலாம். தீர்வது உண்மை, அதற்குரிய விலையும் உண்மை. செயலி எடுக்கும் திறன், துடிப்பின் விரைவுக்கு ஏற்பவும், அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பவும் பெருகும். விரைவை நூற்றுக்கு 20 பங்கும், அழுத்தத்தை 1.2-லிருந்து 1.32 ஆக நூற்றுக்கு 10 பங்கும் உயர்த்தினால், 120 வாட்டு ஏறத்தாழ 174 வாட்டு ஆகிவிடும். பெற்ற விரைவு 20 பங்கு. கொடுத்த திறன் 45 பங்கு. மின்னோட்டமும் 100 ஆம்பியரிலிருந்து 132 ஆம்பியராக ஏறும். ஆகவே, வழியில் இழக்கும் அழுத்தமும் 0.1-லிருந்து 0.13 வோல்ட்டாகப் பெருகும். குறையைத் தீர்க்க எடுத்த முயற்சியே குறையை ஓரளவு வளர்க்கின்றது. எடுத்த திறன் யாவும் இறுதியில் வெப்பமாக மாறுகின்றது. 2023-ஆம் ஆண்டில், கடுங்குளிர் உடைய திரவ ஹீலியத்தால் குளிர்வித்து, ஒரு செயலியை நொடிக்கு 900 கோடித் துடிப்புகளுக்கு மேல் வல்லுநர் இயக்கிக் காட்டினர். அஃது ஓர் அருஞ்செயலே; ஆயினும் அது பந்தய ஓட்டம், நாள்தோறும் நடக்கும் நடையன்று.

தாய்ப்பலகைகள் சிலவற்றில், பளு ஏறும்பொழுது தாழும் அழுத்தத்தை ஈடுசெய்யும் ஏற்பாடு உண்டு. அதனை அளவறிந்து பயன்படுத்தல் நன்று. கயிறிழுக்கும் போட்டியில், எதிரணியார் திடீரெனக் கயிற்றை விட்டுவிட்டால், முழு வலியோடு இழுத்துக்கொண்டிருந்தவர் பின்னே விழுவர். அதுபோல, ஈடு மிகையாய் இருக்குமாயின், பளு நீங்கிய கணத்தில் அழுத்தம் துள்ளி மேலே எழும். அத்துள்ளலும் செயலிக்குப் பகையே. மிகை அழுத்தம் எத்துணைக் கேடு செய்யும் என்பதற்கு 2024-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். இன்டெல் நிறுவனத்தின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சில நிலைகுலைந்தன. உள்ளமைந்த கட்டளைத் தொகுதியின் பிழையால், அவை தேவைக்கு மிஞ்சிய அழுத்தத்தைக் கேட்டுப் பெற்றமை ஒரு காரணம் என்று அந்நிறுவனமே அறிவித்தது. பின்னர்த் திருத்தக் கட்டளைகளை வெளியிட்டு, பொறுப்புறுதிக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. தாழ்வு மட்டுமே குற்றம் என்பதில்லை, உயர்வும் குற்றமே. நிலைபேறு என்பது இரண்டுக்கும் நடுவே நிற்பது.

மாணவனின் மல்டிமீட்டர் 11.9 காட்டியது என்று கண்டோம். அந்த அளவையும் முழுதும் நம்பிவிடலாகாது. மல்டிமீட்டர் காட்டுவது சராசரி. ஒரு நொடியில் பல்லாயிரம் முறை எழுந்து விழும் சிற்றலைகள் அதன் முள்ளிலோ எண்ணிலோ தோன்றா. அவற்றைக் காண அலைகாட்டி என்னும் கருவி வேண்டும். ஏ.டி.எக்ஸ். திட்டம் 12 வோல்ட்டில் அச்சிற்றலையின் உயரம் 0.12 வோல்ட்டுக்குள் இருத்தல் வேண்டும் என்கின்றது. சராசரி செவ்வையாய் இருப்பதனாலேயே ஒவ்வொரு கணமும் செவ்வையாய் இருந்தது என்று ஆகாது. ஆண்டு முழுவதும் பெய்த மழையின் அளவு போதுமானதாக இருப்பினும், விதைத்த மாதத்தில் மழை பொய்த்தால் பயிர் வாடுமன்றோ?

சிற்றலைகளை அடக்குவதும் மின்தேக்கிகளின் பணியே. அவற்றுக்கு வெப்பம் பெரும் பகை. உள்ளே மின்பகு நீர்மம் கொண்ட மின்தேக்கியின் வெப்பநிலை 10 பாகை ஏறினால், அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் கணக்கு. கோடையில் 40 பாகையைத் தொடும் சென்னையில் இக்கணக்கு நினைவில் கொள்ளத்தக்கது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில், நீர்மத்தின் குறையால் உலகெங்கும் பல தாய்ப்பலகைகளின் மின்தேக்கிகள் தலை பருத்து வெடித்து ஒழுகின. காற்றோட்டம் இன்றித் தூசி அடைந்த பெட்டியில் மிகைமுடுக்கம் செய்வோர், வெடிக்காத மின்தேக்கியையும் விரைவில் முதுமை அடையச் செய்கின்றனர்.

தெருவின் மின்சாரம் முற்றும் குற்றமற்றது என்று சொல்லவும் இயலாது. அழுத்தம் தாழ்வதை எஸ்.எம்.பி.எஸ். தாங்கும், ஆனால் மின்சாரம் அற்றுப்போவதை நெடுநேரம் தாங்காது. தன்னுள் தேங்கிய மின்சாரத்தால், நொடியில் ஆயிரத்தில் பதினாறு பங்கு அளவே முழுப் பளுவைத் தாங்கும் பெட்டிகள் பல. மிகைமுடுக்கத்தால் பளு மிகும்பொழுது, முன்பு கிடைத்த தாங்குநேரமும் குறையும். ஆகவே, ஒருகணம் அற்று மீளும் மின்சாரத்துக்கு மருந்து யு.பி.எஸ். என்னும் காப்பு மின்கலமே. ஒன்று மட்டும் மாணவர் மறத்தல் கூடாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் தாமே திறந்து பார்த்தல் உயிருக்கு இடராகும். மின்செருகியைப் பிடுங்கிய பின்னரும் அதன் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

கள்ளிக்குப்பத்து மாணவன் இனிச் செய்யத்தக்கது யாது? பெட்டியின் தூசியைத் துடைத்துக் காற்றோட்டம் உண்டாக்குதல் முதற்பணி. எஸ்.எம்.பி.எஸ். தரும் திறன் எடுப்பைவிட மிகுந்திருக்கின்றதா என்று பார்த்தல் அடுத்த பணி. அதன்பின் விரைவைச் சிறிது சிறிதாகவே உயர்த்துதல் வேண்டும். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் பின்னர், பல மணி நேரம் கடும்பணி தந்து, விடை பிழையின்றி வருகின்றதா என்று சோதித்தல் வேண்டும். பிழை தோன்றிய இடத்திலிருந்து ஒரு படி இறங்கி நிற்றல் அறிவுடைமை. 480 கோடித் துடிப்பில் நிலைகுலைந்த கணினி, 440 கோடியில் இரவு முழுதும் பிழையின்றி இயங்குமாயின், அவன் இழந்தது சிறிது, பெற்றது பெரிது. பத்து நிமிடத்தில் முடியும் பணி பதினொரு நிமிடத்தில் முடியலாம். ஆனால் முடிந்த பணியை ஐயமின்றி நம்பலாம்.

விரைவை விரும்புதல் இளையோர்க்கு இயல்பு, அது குற்றமன்று. ஆயின், ஏற்றம் வலிதாயிருப்பினும் கிணற்றில் ஊற்று இல்லையேல் இறைவை நிற்கும். கணினியின் விரைவுக்கு ஊற்றாக நிற்பது அசையாத மின்னழுத்தம். அதன் நிலைபேற்றைக் கண்ணால் காண்போர் இல்லை. அது குலைந்தபொழுதே அதனை எண்ணுகின்றனர். தெருவைப் பழிக்குமுன் கடைசி அங்குலம் வரை அளந்து பார்த்த மாணவன் கற்றது, கணினியைப் பற்றிய பாடம் மட்டுமன்று. குறை எங்கே உளது என்று அறியுமுன் பழி கூறலாகாது என்பதும், விரைந்து கிடைத்த விடையினும் பிழையற்ற விடையே மேலானது என்பதும் அவன் கற்ற பாடங்களாகும்.